நந்தி மலை எத்தனை அங்குலத்தில் தெரியும்?

விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் சிமுலேட்டர்களில் மிக உயர்ந்த தரமான 'டி நிலை' எந்திரத்தில், விமானி அறைக்கு வெளியே தெரியும் காட்சி கிடைமட்டமாக 180 பாகையும் செங்குத்தாக 40 பாகையும் விரிந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கூறுகின்றன. வீட்டு மேசையில், கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் வைக்கப்படும் 27 அங்குல மானிட்டர் தரும் காட்சியோ கிடைமட்டமாக 53 பாகை, செங்குத்தாக 31 பாகை மட்டுமே. உயரத்தில் ஏற்படும் குறை சிறிது. அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. வீட்டில் கணினி வழியே விமானம் ஓட்டுவோர் மானிட்டர் வாங்கப் போகும்போது, காணாமற்போன அந்த 127 பாகையில் எதை மீட்டெடுப்பது, எதைக் கைவிடுவது என்பதையே உண்மையில் முடிவு செய்கிறார்கள். ஆனால் கடையில் மானிட்டரின் பெட்டிமீது அச்சிட்டிருக்கும் எண்களில் ஒன்றுகூட இந்தக் கோணத்தைச் சொல்வதில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அரிது. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் இன்றைய எச்ஏஎல் ஆக வளர்ந்தது இந்நகரில்தான். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் போர் விமானம் முதன்முதலாக வானேறுவதற்கு முன்பு, இயல்பான நிலைப்புத்தன்மை வேண்டுமென்றே குறைக்கப்பட்ட அவ்விமானத்தைக் கணினி எவ்வாறு கட்டுக்குள் வைக்கிறது என்பதைச் சோதனை விமானிகள் இங்குள்ள ஏடிஇ ஆய்வகத்தின் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தனர். எச்ஏஎல் நிறுவனமும் கனடாவின் சிஏஇ நிறுவனமும் கூட்டாக அமைத்த 'ஹாட்சாஃப்' ஹெலிகாப்டர் பயிற்சிக்கூடம் 2010 முதல் இங்கு இயங்கி வருகிறது. நகரின் வடபுறம் ஜக்கூரில் அரசுப் பறப்புப் பயிற்சிப் பள்ளியும், அதற்கு அப்பால் எலகங்காவில் 1996 முதல் 'ஏரோ இந்தியா' கண்காட்சி நடைபெறும் விமானப்படைத் தளமும், இன்னும் வடக்கே தேவனஹள்ளியில் 2008 மே மாதம் திறக்கப்பட்ட கெம்பேகவுடா விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே நெடுஞ்சாலையின் ஓரமாக அமைந்துள்ளன. இத்தகைய ஊரில் 1982-இல் முதற்பதிப்பு கண்ட மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரையோ எக்ஸ்-பிளேனையோ வீட்டுக் கணினியில் நிறுவிக்கொண்டு, தலைக்கு மேலே பறக்கும் விமானங்களின் வழியைத் தாமும் பறந்து பார்க்க விரும்புவோர் இருப்பதில் வியப்பில்லை. அவ்வாறு பறக்கும் மணிநேரம் எதையும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் உரிமத்துக்கான கணக்கில் சேர்த்துக்கொள்ளாது, அது வேறு.

பயிற்சிக்கூடத்து எந்திரத்துக்கும் வீட்டு மேசைக்கும் இடையே கோண அளவைத் தவிர மற்றொரு வேறுபாடும் உண்டு. பெரிய சிமுலேட்டரில் விமானி நேராக எந்தத் திரையையும் பார்ப்பதில்லை. அறையின் மேலுள்ள வளைந்த திரைமீது புரொஜெக்டர்கள் வீசும் படம், விமானிகளைச் சூழ்ந்து நிற்கும் மிகப் பெரிய குழியாடியில் பட்டுத் திரும்பும்போது ஒளிக்கதிர்கள் ஏறத்தாழ இணைகதிர்களாகி விடுகின்றன. இணைகதிர்களைக் கண் வெகுதொலைவிலிருந்து வருவனவாகவே எடுத்துக்கொள்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாளின் பின்புறக் காற்றை உறிஞ்சி வளைத்து உருவாக்கப்படும் அந்த ஆடியின் உதவியால்தான், அருகருகே அமர்ந்திருக்கும் இரு விமானிகளுக்கும் ஓடுபாதை நேர் எதிரே தெரிகிறது. வீட்டில் கண் 60 செ.மீ. தொலைவிலுள்ள கண்ணாடிப் பரப்பின் மீதே குவிந்திருக்கும். அதைத் தவிர்க்க எந்த மானிட்டராலும் இயலாது. ஓட்டுபவர் ஒருவரே என்பதால் இரு விமானிகளின் பார்வைச் சிக்கல் எழுவதில்லை என்பதோடு ஆறுதலடைய வேண்டியதுதான்.

மலையை அளவுகோலாகக் கொண்டால்

கோணம் என்பது காகிதத்தில் எளிது, கற்பனையில் கடினம். அதைக் கண்முன் நிறுத்த நந்தி மலை உதவுகிறது. 1,478 மீட்டர் உயரமுள்ள அம்மலை கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது. கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி, அதாவது திசைகாட்டியில் 270 பாகையைக் குறிக்கும் 27 என்ற எண்ணுடைய ஓடுபாதையில், தரையிறங்கும் விமானத்துக்கு அம்மலை வலப்பக்கம் இருக்கும். விமானம் ஓடுபாதையை நெருங்க நெருங்க மலை முன்சாளரத்திலிருந்து மெல்ல விலகிப் பக்கச் சாளரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும்.

நிலையத்துக்கு 40 கி.மீ. கிழக்கே இருக்கும்போது மலை நேர்கோட்டிலிருந்து 26 பாகைக்குச் சற்று மேல் விலகி நிற்கும்; 60 செ.மீ. தொலைவிலுள்ள 27 அங்குல மானிட்டரின் வலது விளிம்பும் அதே கோணத்தில்தான் முடிகிறது. ஆகவே அந்த இடத்திலேயே மலை திரையைவிட்டு வெளியேறி விடுகிறது. 34 அங்குல அகலத்திரை மானிட்டரில் அது 30 கி.மீ. வரையில் தெரியும். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக வளைந்த, அதாவது பெட்டியில் '1000ஆர்' என்று குறிக்கப்பட்ட, 49 அங்குல மானிட்டரில் 15 கி.மீ. வரையில் தெரியும். மூன்று 27 அங்குல மானிட்டர்களை, பக்கத்திலுள்ள இரண்டும் முகத்தை நோக்கித் திரும்பியிருக்குமாறு நிறுத்தினால் மொத்தம் 160 பாகை வரை கிடைப்பதால், ஓடுபாதைக்கு 4 கி.மீ. இருக்கும்வரை மலை உடன் வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து வெளிப்படும் ஓர் உண்மையை விளம்பரங்கள் சொல்வதில்லை. மானிட்டரின் அளவு மூலைவிட்டத்தால் சொல்லப்படுகிறது. ஆனால் 16-க்கு 9 விகிதமுள்ள 27 அங்குலமும், 21-க்கு 9 என்று விற்கப்படும் 34 அங்குலமும், 32-க்கு 9 விகிதமுள்ள 49 அங்குலமும் உயரத்தில் ஏறத்தாழ ஒன்றே: மூன்றும் 33, 34 செ.மீ.தான். 49 அங்குலம் என்பது இரண்டு 27 அங்குல மானிட்டர்களை நடுச்சட்டம் இன்றி ஒட்டியது போன்றது. வழக்கமான விகிதமுள்ள 32 அங்குல மானிட்டரோ 40 செ.மீ. உயரம் கொண்டது. பெரிய எண்ணைப் பார்த்து 34 அங்குலம் வாங்கியவர், 32 அங்குலம் வைத்திருக்கும் நண்பரைவிட உயரம் குறைந்த சாளரத்தின் வழியேதான் பார்க்கிறார்.

ஆனால் மென்பொருளில் பார்வையை அகலப்படுத்தும் அமைப்பு இருக்கிறதே, சிறிய திரையிலேயே 90 பாகையையும் காட்டலாமே என்று கேட்கப்படலாம். காட்டலாம், விலை ஒன்று உண்டு. 53 பாகைக்கு மட்டுமே இடமுள்ள திரையில் 90 பாகைக் காட்சியைத் திணித்தால், நடுவிலுள்ள பொருள்கள் சரியாகப் பாதி அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. 10 கி.மீ. தொலைவிலுள்ள ஓடுபாதை 20 கி.மீ. தொலைவில் இருப்பதைப் போலத் தோன்றும். தரை உண்மையைவிட மெதுவாக நெருங்குவதாகப் படும். தரையிறங்கும் கடைசிக் கணத்தில் மூக்கை உயர்த்த வேண்டிய நேரம் தவறிப்போகும். வீட்டு விமானிகள் பலர் தம் கைத்திறனைக் குறைகூறிக்கொள்ளும் முரட்டுத் தரையிறக்கங்களில் ஒரு பகுதிக்கேனும் இந்த அமைப்பே காரணமாக இருக்க வேண்டும். எக்ஸ்-பிளேனில் பக்கவாட்டுப் பார்வைக் கோணத்தைப் பாகைக் கணக்கிலேயே இடலாம் என்பதால், டேப்பால் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தொலைவையும் திரையின் அகலத்தையும் அளந்து, உரிய எண்ணை இட்டுவிட முடிகிறது. மைக்ரோசாஃப்டின் மென்பொருளில் 'ஜூம்' அளவைக் கூட்டிக் குறைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அகலத்திரைக்கே உரிய தொல்லை ஒன்றும் இங்கே பிறக்கிறது. மென்பொருள் உலகைத் தட்டையான ஒரு பரப்பின்மீது வீழ்த்தியே வரைகிறது. அவ்வாறு வரையும்போது 90 பாகைக் காட்சியின் விளிம்பிலுள்ள பொருள், நடுவில் இருந்திருந்தால் எவ்வளவு அகலமாகத் தோன்றுமோ அதைப் போல இருமடங்கு இழுபடும். திரை தட்டையாகவும் கண் மிகச் சரியான தொலைவிலும் இருந்தால் இந்த இழுவை கண்ணில் படாமல் சமனாகிவிடும். வளைந்த திரையில் அது சமனாவதில்லை, ஏனெனில் திரை வளைந்திருப்பது மென்பொருளுக்குத் தெரியாது. 49 அங்குல மானிட்டரின் ஓரத்தில் விமானத்தின் இறக்கை ரப்பர் போல நீண்டு தெரிவதற்குக் காரணம் இதுவே. மூன்று தனி மானிட்டர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியைத் தனித்தனிக் கோணத்தில் வரைய எக்ஸ்-பிளேன் இடமளிப்பதால் இந்தக் குறை பெரிதும் நீங்குகிறது. நடுவே வரும் சட்டங்களைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். விமான அறையிலும் சாளரங்களுக்கிடையே தூண்கள் உண்டு என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கவலை பாதியாகக் குறையும்.

எதை ஓட்டுகிறார் என்பதே முதற்கேள்வி

இவ்வளவு அகலமும் எல்லோருக்கும் தேவைப்படுகிறதா என்பது ஓட்டும் விமானத்தைப் பொறுத்தது. ஜக்கூரில் பயிற்சி பெறும் மாணவர் செஸ்னா போன்ற சிறு விமானத்தில் செய்வது பெரும்பாலும் ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வக வட்டமடித்து மீண்டும் இறங்குவதாகும். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டத்தில் அவர் 90 பாகை பக்கவாட்டில் திரும்பி ஓடுபாதையைப் பார்க்கிறார். அதன் முனை இறக்கைக்குப் பின்னால் 45 பாகையில் தெரியும்போது அடுத்த திருப்பத்தைத் தொடங்குகிறார். அதாவது அவருக்கு வேண்டிய மிக முக்கியமான காட்சி, மூக்கிலிருந்து 135 பாகை தள்ளி உள்ளது. மூன்று மானிட்டர்கள்கூட அதைக் காட்டமாட்டா. தலையின் அசைவை உணர்ந்து காட்சியைத் திருப்பும் 'டிராக்ஐஆர்' போன்ற கருவியோ, சாதாரண வெப்கேம் கொண்டே அந்த வேலையைச் செய்யும் 'ஓப்பன்டிராக்' என்ற இலவச மென்பொருளோ இங்கே திரையின் அகலத்தைவிடப் பயன்படும். தலையைச் சில பாகை திருப்பினாலே காட்சி 90 பாகை திரும்புமாறு அவற்றை அமைக்கலாம். சிறு விமானத்தில் பார்வையாலேயே பறப்பவர், நடுத்தரமான ஒரே மானிட்டரையும் தலையசைவுக் கருவியையும் வாங்கிக்கொண்டு, மீதப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஏர்பஸ், போயிங் ஓட்டுபவர் நிலைமை வேறு. அவருடைய கண் பெரும்பாலும் கருவிகள் மீதும், கடைசியில் நேர் எதிரே ஓடுபாதை மீதும் இருக்கிறது. அவருக்கு வேண்டியது கூர்மை. கூர்மையை அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று அளப்பதைவிட, ஒரு பாகைக்கு எத்தனை பிக்சல் என்று அளப்பது பொருத்தம்; பிக்சல் என்பது திரையில் படத்தை உருவாக்கும் மிகச் சிறிய ஒளிப்புள்ளி, குறையற்ற மனிதக் கண் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 60 புள்ளிகள் வரை பிரித்தறியக்கூடியது. 45 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதையை 10 கி.மீ. தொலைவிலிருந்து பார்த்தால், 27 அங்குலத் திரையில் 1080 வரிசைகள் கொண்ட சாதாரண மானிட்டரில் அதன் அகலம் 9 பிக்சல். 1440 வரிசைகள் கொண்டதில் 11 அல்லது 12. 4கே எனப்படும் 2160 வரிசைகள் கொண்டதில் 17. ஓடுபாதையின் பக்கத்தில் 9 மீட்டர் இடைவெளியில் நிற்கும் நான்கு விளக்குகள், இறங்கும் சரிவு சரியாக இருந்தால் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். 1080 மானிட்டரில் அத்தொலைவிலிருந்து இரு விளக்குகளுக்கிடையே இரண்டு பிக்சல்கூடக் கிடைக்காமல் நான்கும் ஒரே இளஞ்சிவப்புப் பொட்டாகக் கலந்துவிடுகின்றன. 4கே திரையில் மூன்றரை பிக்சல் இடைவெளி கிடைப்பதால் அவை பிரிந்து தெரிகின்றன.

அதனால் 4கே வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பதற்கு முன் கிராபிக்ஸ் கார்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1080 திரையில் ஒவ்வொரு முறையும் வரைய வேண்டிய பிக்சல்கள் ஏறத்தாழ 21 லட்சம். 1440 திரையில் 37 லட்சம். 4கே திரையில் 83 லட்சம். மூன்று 1440 மானிட்டர்களில் ஒரு கோடியே 10 லட்சம். நடுத்தரக் கார்டு வைத்திருப்பவருக்கு 27 அங்குல 1440 மானிட்டரே இன்றைக்கும் நியாயமான இடைநிலை.

நொடிக்கு எத்தனை முறை திரை தன்னைப் புதுப்பிக்கிறது என்பதைக் காட்டும் ஹெர்ட்ஸ் எண், சுடும் விளையாட்டுகளை ஆடுவோருக்காகவே பெரிதுபடுத்தி விற்கப்படுகிறது. விமான மென்பொருள்கள் பெரிய விமான நிலையங்களில் நொடிக்கு 30, 40 படங்களை வரைவதற்கே திணறுவதால் 240 ஹெர்ட்ஸ் வீண்தான். ஆனால் 120 ஹெர்ட்ஸ் வீணன்று: 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 40 படங்கள் வந்தால் ஒரு படம் ஒருமுறையும் அடுத்தது இருமுறையும் காட்டப்பட்டு, திரும்பும்போது தொடுவானம் விக்கி விக்கி நகரும், 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சீராக மும்முறை நிற்கும். படம் வரும் வேகத்துக்கேற்பத் திரையே தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் 'ஃப்ரீசிங்க்', 'ஜி-சிங்க்' வசதிகள் பல மானிட்டர்களில் 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாமாக இயங்குவதில்லை. அதற்குக் கீழும் அவை தொடர வேண்டுமானால் திரையின் உச்ச வேகம் அந்தக் கீழ் எல்லையைப் போல இருமடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவும் இரண்டாம் திரையும்

பகலில் எல்லா மானிட்டரும் அழகாகவே இருக்கின்றன. இரவில்தான் சாயம் வெளுக்கும். பரவலாக விற்கப்படும் ஐபிஎஸ் வகைத் திரையில் கறுப்பு முழுக் கறுப்பாக இராது, சாம்பல் பூத்திருக்கும், இருட்டறையில் மூலைகளில் மங்கலான ஒளி கசியும். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள விகிதம் அதில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. விஏ வகையில் அது மூவாயிரத்துக்கு ஒன்று வரை போகும். ஆனால் இருண்ட பின்னணியில் நகரும் விளக்குகள் பின்னால் கறைபோல வாலை இழுத்துச் செல்லும். ஓஎல்இடி வகையில் ஒவ்வொரு பிக்சலும் தானே அணைந்துவிடக்கூடியது என்பதால், நள்ளிரவில் பெங்களூரை நோக்கி இறங்கும்போது இருண்ட ஏரிகளும் அவற்றைச் சுற்றி ஒளிரும் தெருக்களும் உண்மைக்கு மிக அருகில் வருகின்றன. அந்த வகைக்கே உரிய பலவீனமும் விமானம் ஓட்டுவோரைத்தான் குறிவைத்துத் தாக்குகிறது: டெல்லி வரையிலான இரண்டே முக்கால் மணிநேரப் பறப்பில் கருவிப் பலகை திரையில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதால், நாளடைவில் அதன் நிழல் திரையில் பதிந்துவிடலாம். தினமும் நெடும்பறப்பு மேற்கொள்பவர் ஓஎல்இடி வாங்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வார இறுதியில் மட்டும் பறப்பவர் துணிந்து வாங்கலாம்.

இரண்டாம் திரையைப் பற்றிய பேச்சில் பணத்தைக் கொட்டத் தேவையே இல்லை. 2001-இல் தொடங்கிய வாட்சிம் என்ற இணைய வலையில், தன்னார்வலர்கள் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்து வழிநடத்த, கெம்பேகவுடாவிலிருந்து புறப்படுபவருக்கு நிலையத்தின் வரைபடங்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இந்திய விமான நிலைய ஆணையம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. அவை நெடுவாக்கில் அச்சிடப்படுபவை. நெட்டுக்குத்தாகத் திருப்பி நிறுத்தக்கூடிய எந்தப் பழைய மானிட்டரும் அதற்குப் போதும். இன்னொரு பொருத்தமும் உண்டு: செஸ்னா 172-இல் பொருத்தப்படும் கார்மின் ஜி1000 கருவித் திரையின் மூலைவிட்டம் 10.4 அங்குலம், பிக்சல்கள் 1024-க்கு 768. இருபது ஆண்டுகளுக்கு முன் அலுவலகங்களில் இருந்து, இன்று யாரும் திரும்பிப் பார்க்காத 15 அங்குலச் சதுர மானிட்டரின் பிக்சல் எண்ணிக்கையும் இதுவேதான். டவுன் ஹாலுக்கு அருகே எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் அழைக்கும் சாதர் பத்திரப்பா சாலையின் பழைய பொருள் கடைகளில் அத்தகைய மானிட்டரைத் தேடி எடுத்து, 'ஏர் மேனேஜர்' மென்பொருளால் கருவிகளை அதில் வரவழைத்து, பெரிய திரைக்குக் கீழே சற்றுச் சாய்வாக நிறுத்தினால், முதல் திரையின் கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டிருந்த கருவிப் பலகை கீழே இறங்கிவிடும். மேலே முழுவதும் வானமும் தரையுமாகத் திறந்துகொள்ளும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பார்வைப் பரப்பைத் திருப்பித் தரும் வழி வேறில்லை.

புதிய மானிட்டர் வாங்குவோருக்கு அண்மையில் ஒரு தடை விலகியிருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் சிறியவற்றுக்கு உரிய 18 விழுக்காட்டுக்கே இறங்கிவிட்டதால், 34 அங்குலமும் 49 அங்குலமும் வாங்கத் தயங்கியவர்களுக்கு வரிக் காரணம் இனி இல்லை. எச்டிஎம்ஐ வழியே 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் பெற 2.1 இணைப்பு தேவை, பழைய 2.0 இணைப்பு 60-உடன் நின்றுவிடும். மேசைக்கு மேல் தாங்கியில் பொருத்த விரும்புவோர் மானிட்டரின் முதுகில் 100 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனால் இரண்டு மணிநேரப் பறப்பும் சேர்ந்தே போய்விடும் என்பதால் யுபிஎஸ் கணக்கில் மானிட்டரையும் சேர்க்க வேண்டும்: 600 விஏ என்று விற்கப்படும் சிறு யுபிஎஸ் பொதுவாக 360 வாட்டுக்கு மேல் தாங்காது, நல்ல கிராபிக்ஸ் கார்டுள்ள கணினி ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் பெட்டியைப் பிரித்து இயக்கிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. கடையின் பளிச்சென்ற விளக்கொளியில் வண்ண மீன்களும் பூக்களும் நீந்தும் விளம்பரப் படத்தை நிறுத்திவிட்டு, கைப்பேசியிலோ பென்டிரைவிலோ கொண்டுசென்ற முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் இட்டு, இரு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும். ஒளி கசிகிறதா என்பதும், அணையாமல் நிற்கும் ஒற்றைப் பிக்சல் ஏதும் உண்டா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அந்த ஒற்றைப் புள்ளி வீட்டில் இரவு வானத்தின் நடுவே, எதிரே வரும் விமானத்தின் விளக்கைப் போல, ஒவ்வொரு பறப்பிலும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.